பேய்க்கு வைத்த பெயர்: இங்கிலாந்தின் பழைய பப்களும் அங்கே உலவும் கதைகளும்

லண்டனின் பெல்கிரேவியா பகுதியில் வில்டன் ரோ என்று ஒரு சந்து. அதற்குள் 'கிரெனடியர்' என்ற சின்ன பப். உள்ளே போய் அண்ணாந்து பார்த்தால் கூரை முழுக்கப் பணம் ஒட்டியிருக்கும். பவுண்டு, டாலர், இன்னும் எந்தெந்த நாட்டு நோட்டோ. எல்லாம் செத்துப்போன ஒருவனின் கடனை அடைக்க.

கதை இதுதான். அந்தக் கட்டடம் ஒரு காலத்தில் ராணுவ அதிகாரிகள் கூடிச் சாப்பிடும் இடமாக இருந்ததாம். இளம் சிப்பாய் ஒருவன் சீட்டாட்டத்தில் ஏமாற்றிப் பிடிபட்டான். கூட ஆடியவர்கள் சவுக்கால் விளாசினார்கள். அடி தாங்காமல் செத்துப்போனான். அது செப்டம்பர் மாதம் என்பதால் வருஷா வருஷம் செப்டம்பரில் அவன் நடமாட்டம் கூடுதல் என்கிறார்கள். கடன் தீர்ந்தால் ஆவி அடங்கும் என்று வருகிறவர்கள் ஆளுக்கொரு நோட்டை ஒட்டிவிட்டுப் போகிறார்கள். அவன் பெயர் செட்ரிக்.

அந்தப் பெயர்தான் இடறுகிறது. 'செட்ரிக்' என்ற பெயரை ஆங்கிலத்தில் முதலில் எழுதியவர் வால்டர் ஸ்காட். 1819 டிசம்பரில் வெளிவந்த 'ஐவன்ஹோ' நாவலில் ஒரு பாத்திரத்துக்கு வைத்தார். 'செர்டிக்' என்ற பழைய சாக்ஸன் அரசனின் பெயரை எழுத்து மாற்றிப் போட்டதால் வந்தது அது. பிள்ளைகளுக்கு வைக்கும் பெயராக அது பரவியது அதற்கும் ரொம்பப் பிறகு. ஆனால் கிரெனடியர் பொதுமக்களுக்கான பப்பாக மாறியது 1818இல் என்பது பப் சொல்லும் கணக்கு. அப்படியானால் அதற்கு முன்பு செத்த ஒரு சிப்பாய்க்கு, அவன் செத்த பிறகு உருவான பெயர் எப்படி வந்தது? யாரோ பிற்காலத்தில் வைத்திருக்கிறார்கள். பெயர் இல்லாத பேயை விடப் பெயருள்ள பேய் மனதில் நிற்கும், அதனால்.

இதைச் சொல்லிக் கதையைக் குப்பையில் போடுவது என் நோக்கம் இல்லை. இங்கிலாந்தின் பழைய பப்களில் சாவு உண்மையாகவே குடியிருந்தது. உண்மையான பெயரோடு, தேதியோடு, சாட்சியோடு மனிதர்கள் செத்திருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோரை மறந்துவிட்டு, புத்தகத்திலிருந்து வந்த ஆட்களைப் பேயாக உட்கார வைத்திருக்கிறோம். எது எங்கிருந்து வந்தது என்று பிரித்துப் பார்க்கத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் அந்த இடங்கள் எப்படிப்பட்டவை என்று பார்த்துவிடலாம். 'இன்' என்பது நம் ஊர்ச் சத்திரம் மாதிரி வழிப்போக்கர் தங்கும் இடம். காசு வாங்கும், பீரும் ஊற்றும், குதிரைக்கும் லாயம் கொடுக்கும். 1784இல் பிரிஸ்டலிலிருந்து லண்டனுக்கு முதல் தபால் குதிரை வண்டி ஓடத் தொடங்கிய பிறகு இந்த இன்களுக்குப் பொற்காலம். குதிரை மாற்ற, சாப்பிட, படுக்க எல்லாவற்றுக்கும் அங்கேதான் நிற்க வேண்டும். முன்பின் தெரியாதவர்கள் பக்கத்துப் பக்கத்து அறையில், சில சமயம் ஒரே கட்டிலில், இடுப்பில் பணப்பையோடு தூங்கினார்கள். விடிவதற்குள் கிளம்பியும் போனார்கள். ஒருவர் காணாமல் போனால் தேட யாரும் இல்லை. இந்தப் பயம் கற்பனை இல்லை. அந்த வாழ்க்கையிலேயே இருந்தது. 1830களில் ரயில் வந்ததும் இந்த இன்கள் காலியாயின. பெரிய முற்றமும் வெறும் லாயமும் ஆளில்லாத மாடி அறைகளுமாக ஒரு கட்டடம் மிஞ்சினால், அதில் கதை குடியேற அதிக நாள் ஆகாது.

அந்தப் பயத்தின் உச்சம் என்று நான் நினைப்பது கோல்ன்புரூக் ஊரில் உள்ள 'ஆஸ்ட்ரிச்' இன்னின் கதை. லண்டனிலிருந்து மேற்கே போகும் பழைய சாலையில், இன்றைய ஹீத்ரூ விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஜார்மன் என்ற இன்காரனும் அவன் மனைவியும் பணக்காரப் பயணி யாராவது தனியாக வந்தால் நல்ல அறையைக் கொடுப்பார்கள். அந்தக் கட்டில் தரைப் பலகையோடு ஆணி அடித்து இறுக்கப்பட்டிருக்கும். கீழே ஒரு பெரிய அண்டாவில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கும். ராத்திரி இரண்டு இரும்பு ஆணிகளை உருவினால் பலகை கீழ்நோக்கித் திறந்துகொள்ளும். தூங்குகிறவர் தலைகீழாக அண்டாவுக்குள். கத்தக்கூட நேரம் இருக்காது. பிறகு துணியையும் பணத்தையும் எடுத்துக்கொண்டு உடலை ஆற்றில் தள்ளிவிடுவார்கள். குதிரையின் பிடரியையும் வாலையும் கத்தரித்து அடையாளம் மாற்றிவிடுவார்கள். மறுநாள் யாராவது கேட்டால், "அவர் விடியும் முன்னாடியே கிளம்பிவிட்டாரே" என்பார்கள்.

இதில் என்னை உலுக்குவது அண்டா அல்ல, புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொள்ளும் குழூஉக்குறி. ஆள் வந்ததும் அவன் சொல்வான்: "கொழுத்த பன்றி ஒன்று வந்திருக்கிறது, வேண்டுமானால் வாங்கலாம்." அவள் சொல்வாள்: "நாளைக்கு வரைக்கும் பட்டியில் அடைத்து வை." ஏதோ சந்தைப் பேச்சு என்று நினைத்துக்கொண்டு விருந்தாளி பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பார்.

இப்படி அறுபது பேரைக் கொன்றார்கள், கடைசியில் ரீடிங் ஊர்த் துணி வியாபாரி டாமஸ் கோல் செத்தபோது அவர் குதிரை தப்பித்து வெளியே ஓடியதால் மாட்டிக்கொண்டார்கள் என்று கதை முடிகிறது. முதலாம் ஹென்றி காலத்தில், அதாவது 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடந்ததாகச் சொல்வார்கள். கோல் விழுந்த ஓடை என்பதால்தான் ஊருக்கு அந்தப் பெயர் என்பதும் கூடவே வரும்.

ஆனால் இந்தக் கொலைக்கு அந்தக் காலத்து ஆவணம் எதுவும் கிடையாது. ஊர்ப் பெயர் பக்கத்தில் ஓடும் கோல்ன் ஆற்றிலிருந்து வந்தது. கதை முழுக்க, அந்தப் பன்றிப் பேச்சு உட்பட, டாமஸ் டெலோனி என்பவர் 1600ஐ ஒட்டி எழுதிய புனைகதையில் இருக்கிறது. டெலோனி பட்டு நெசவாளர். துணித் தொழிலாளர்களும் வியாபாரிகளும் நாயகர்களாக வரும் கதைகளை எழுதியவர். தன் வாசகர்களான வியாபாரிகள் எதற்குப் பயப்படுவார்கள் என்று அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. அவர் எழுதிய பயம் நாலு நூற்றாண்டு தாண்டியும் அந்தக் கட்டடத்தில் பேயாக நிற்கிறது. ஒரு எழுத்தாளருக்கு இதைவிடப் பெரிய வாழ்வு எங்கே கிடைக்கும்?

டிக் டர்பின் விஷயமும் இதே மாதிரிதான், ஆனால் அதில் எனக்குக் கோபம் உண்டு. ஹாம்ஸ்டட் 'ஸ்பானியர்ட்ஸ் இன்' தொடங்கி அந்த வழிப்பறிக் கொள்ளையனின் பேய் வராத பழைய பப் குறைவு. அவனுடைய கறுப்புக் குதிரை பிளாக் பெஸ்ஸின் குளம்புச் சத்தமும் கேட்குமாம். ஒரே ராத்திரியில் லண்டனிலிருந்து யார்க் வரை அந்தக் குதிரையில் பறந்தான் என்ற சாகசம் 1834இல் ஹாரிசன் ஐன்ஸ்வொர்த் எழுதிய 'ரூக்வுட்' நாவலால் பிரபலமானது. அதற்கு நூறு வருஷம் முன்பே அந்தச் சவாரியை நெவிசன் என்ற வேறு கொள்ளையன் பேரில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நிஜ டர்பின் எசெக்ஸில் கசாப்புக்காரனாக இருந்தவன்; கூட்டமாகப் பண்ணை வீடுகளில் புகுந்து கொள்ளையடித்தவன். 1735இல் லௌட்டனில் தனியாக இருந்த வயதான விதவையிடம், பணம் எங்கே என்று சொல்லாவிட்டால் அடுப்பு நெருப்பில் உட்கார வைப்போம் என்று மிரட்டிய கும்பல் அவனுடையது. 1739 ஏப்ரல் 7 அன்று யார்க்கில் அவனைத் தூக்கில் போட்டது குதிரைத் திருட்டுக்காக. பப்களில் உலவும் அழகான வீரன் அந்த விதவை வீட்டுக் கதவை உடைத்தவனில்லை, நாவலில் வருகிறவன்.

சரி, கதை புத்தகத்திலிருந்து வந்தது என்றே வைத்துக்கொள்வோம். ராத்திரி கடையைப் பூட்டப் போன பப்காரர், நிலவறையில் யாரோ நின்றதைக் கண்ணால் பார்த்தேன் என்கிறாரே, அவரை என்ன சொல்வது? அவரைப் பொய்யர் என்று நான் சொல்ல மாட்டேன். கவென்ட்ரியில் விக் டாண்டி என்ற பொறியாளருக்கு நேர்ந்தது இதற்குப் பயன்படும். அவர் வேலை பார்த்த ஆய்வுக்கூடத்தில் பேய் இருப்பதாகப் பேச்சு. ஒரு ராத்திரி தனியாக உட்கார்ந்திருந்தபோது குளிர் வேர்வை கொட்டியது. கண்ணோரத்தில் சாம்பல் நிற உருவம் ஒன்று. திரும்பிப் பார்த்ததும் மறைந்தது. மறுநாள் அவர் தன் வாள்வீச்சுப் போட்டி வாளைச் சரிசெய்ய இடுக்கியில் மாட்டியபோது அதன் நுனி தானாக அதிரத் தொடங்கியது. தேடிப் பார்த்ததில் புதிதாகப் பொருத்திய காற்றாடி ஒன்று, காதுக்குக் கேட்காத, வினாடிக்கு சுமார் 19 அதிர்வுள்ள ஒலியை எழுப்பிக்கொண்டிருந்தது. காற்றாடியைச் சரிசெய்ததும் அதிர்வு போயிற்று. 1998இல் இதை ஆய்வுக் கட்டுரையாக எழுதினார். பீர் பீப்பாய் வைக்கும் நிலவறையில் குளிரூட்டும் இயந்திரம் ராப்பகலாக ஓடுகிறது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் அதோடு நிறுத்திக்கொண்டால் அது அரைகுறை. லண்டனில் கிறிஸ் ஃப்ரெஞ்ச் என்ற உளவியலாளரும் கூட்டாளிகளும் ஒரு அறையைக் கட்டி, 79 பேரை ஒவ்வொருவராக உள்ளே அனுப்பி, அதே மாதிரி ஒலியும் மின்காந்தப் புலமும் கொடுத்துப் பார்த்தார்கள். 2009இல் முடிவை வெளியிட்டார்கள். நிறையப் பேருக்கு ஏதேதோ விசித்திர உணர்வு வந்தது, ஆனால் ஒலி இருந்ததா இல்லையா என்பதோடு அதற்குச் சம்பந்தம் இல்லை. 'இந்த அறையில் ஏதாவது தோன்றலாம்' என்று முன்கூட்டியே கேட்டிருந்ததே போதுமானதாக இருந்திருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. அப்படியானால் வாசலிலேயே பேய்க்கதையைப் பலகையில் எழுதி மாட்டும் பப்பில் ராத்தங்கினால் என்ன ஆகும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அந்தப் பலகைகளிலும் கவனம் வேண்டும். நாட்டிங்ஹாமில் 'டிரிப் டு ஜெருசலேம்' சுவரில் 1189 என்று பெரிதாக எழுதியிருக்கிறது. இன்றைய கட்டடம் 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, பின்னால் உள்ள குகைகள்தான் பழையவை. வேல்ஸில் 'ஸ்கிரிட் இன்' தன் மாடிப்படி உத்தரத்தில் 180 பேரைத் தூக்கில் போட்டதாகச் சொல்கிறது, கணக்கை 1110இலிருந்து தொடங்குகிறது. அந்தக் கட்டடமும் 17ஆம் நூற்றாண்டுதான். 2002இல் பேய் தேடும் தொலைக்காட்சித் தொடர்கள் பிரபலமாகத் தொடங்கியதிலிருந்து ராத்திரி முழுக்கப் பேய் தேட ஆளுக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்குவது ஒரு வருமானமாகிவிட்டது. பப்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருக்கும் நாட்டில், நானூறு வருஷக் கட்டடத்தின் கூரைக்கு ஓடு மாற்ற அந்தப் பணம் உதவுகிறது என்றால் எனக்கு அதில் வருத்தம் இல்லை.

வருத்தம் வேறு இடத்தில். பப்புக்கும் பிணத்துக்கும் இருந்த நிஜமான உறவு யாருக்கும் நினைவில் இல்லை.

இங்கிலாந்தில் யாராவது சந்தேகமாகச் செத்தால் கரோனர் வந்து விசாரிக்க வேண்டும். 1194இலிருந்து இருக்கும் பதவி அது. குறைந்தது 12 ஜூரிகள் வேண்டும். அவர்கள் எல்லோரும் பிணத்தை நேரில் பார்க்க வேண்டும் என்பது சட்டம். 1926 வரை இந்த விதி நீடித்தது. ஒரு கிராமத்தில் இத்தனை பேர் உட்கார இடம், வெளிச்சம், கணப்பு எல்லாம் எங்கே இருக்கும்? பப்பில்தான். அதனால் நூற்றாண்டுக்கணக்காக மரண விசாரணைகள் பப்களில் நடந்தன. உடலை எங்கே வைப்பது? பப்பின் பின்கட்டில், லாயத்தில், கொட்டகையில், குளிர்ச்சியான நிலவறையில். ஆற்றில் மிதந்தவர், வண்டி ஏறிச் செத்தவர், பிறந்ததும் கைவிடப்பட்ட சிசு என்று ஊரின் துர்மரணம் எல்லாம் முதலில் வந்து சேர்ந்த இடம் அது. 1902இல் வந்த சட்டம்தான், வேறு இடம் இருந்தால் 1907 மார்ச்சுக்குப் பிறகு பப்பில் விசாரணை கூடாது என்றது. நிலவறையில் யாரோ இருக்கிற மாதிரி இருக்கிறது என்று ஒரு பழைய பப்காரர் சொன்னால், அவருடைய தாத்தா காலத்தில் நிஜமாகவே யாரோ இருந்திருக்கலாம்.

சஃபோக்கில் போல்ஸ்டெட் என்ற கிராமத்தின் 'காக் இன்' இன்றும் இருக்கிறது. 1828 ஏப்ரலில் மரியா மார்ட்டென் என்ற இளம்பெண்ணின் மரண விசாரணை அங்கேதான் கூடியது. வில்லியம் கோர்டர் என்பவனோடு ஓடிப்போய்க் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாக 1827 மே மாதம் வீட்டை விட்டுக் கிளம்பியவள். சிவப்புக் களஞ்சியம் என்று ஊரார் அழைத்த தானியக் கொட்டகையில் சந்திப்பதாகப் பேச்சு. அப்புறம் அவளைப் பார்த்தவர் இல்லை. சௌக்கியமாக இருக்கிறோம் என்று கோர்டரிடமிருந்து கடிதம் மட்டும் வந்தது. மரியாவின் மாற்றாந்தாய், அந்தக் கொட்டகையில் மரியா புதைந்து கிடப்பதாகத் திரும்பத் திரும்பக் கனவு வருகிறது என்று சொல்லத் தொடங்கினார். அப்பா போய்த் தோண்டினார். மகளே கிடைத்தாள். தலைமுடியையும் துணியையும் விழுந்துபோன ஒரு பல்லையும் வைத்துத் தங்கை அடையாளம் சொன்னாள். கழுத்தில் கோர்டரின் பச்சைக் கைக்குட்டை.

அந்த ஆகஸ்ட் 11 அன்று கோர்டரைத் தூக்கில் போட்டார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் ஊருக்குப் படையெடுத்தார்கள். கொட்டகைப் பலகைகளைப் பெயர்த்துப் பல்குத்தும் குச்சி செய்து விற்றார்கள். மரியாவின் கல்லறைக் கல்லைக்கூட நினைவுப் பொருளுக்காகத் துண்டு துண்டாக உடைத்து எடுத்துப் போய்விட்டார்கள். அவள் எங்கே கிடக்கிறாள் என்று காட்டக் கல்லே மிஞ்சவில்லை. பேய்ச் சுற்றுலா இந்த நூற்றாண்டின் வியாதி என்று நினைப்பவர்கள் போல்ஸ்டெட்டை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம்.

கள்ளக்கடத்தல்காரர் பேய்கள் இன்னொரு பெரிய கூட்டம். தெற்குக் கடற்கரைப் பக்கம் எந்த இன்னிலும் ரகசியப் படிக்கட்டு, நிலவறைச் சுரங்கம், நள்ளிரவுக் காலடிச் சத்தம். ரை ஊரின் 'மெர்மெய்ட் இன்'னில் ஹாக்ஹர்ஸ்ட் கும்பல் குண்டு நிரப்பிய துப்பாக்கிகளை மேஜைமேல் வைத்துக்கொண்டு குடித்தது உண்மை. ஊருக்குள் பேய்ப் பேச்சு இருப்பது அவர்களுக்கும் வசதி. ராத்திரி சரக்கு இறக்கும்போது ஜன்னலைத் திறந்து பார்க்க ஆள் இருக்காது. தேயிலைக்கு நூறு சதவீதத்துக்கும் மேலே வரி இருந்த காலம். 1784இல் அதை 119 சதவீதத்திலிருந்து 12.5 சதவீதமாகக் குறைத்ததும் தேயிலைக் கடத்தலில் லாபம் இல்லாமல் போயிற்று. அவர்களைப் பார்த்து நடுங்கிய தலைமுறையும் போனது. அதன் பிறகுதான் அவர்கள் அழகானார்கள்.

நடுங்கிய தலைமுறையிலிருந்து இரண்டு பேர். 1747 அக்டோபரில் பூல் துறைமுகச் சுங்கக் கிடங்கை உடைத்துக் கும்பல் சுமார் 2 டன் தேயிலையை அள்ளிக்கொண்டு ஃபோர்டிங்பிரிட்ஜ் வழியாகப் போனது. அங்கே டேனியல் சேட்டர் என்ற செருப்புத் தைப்பவர் தனக்குத் தெரிந்த ஒருவனைக் கூட்டத்தில் பார்த்துக் கை கொடுத்தார். அவனும் ஒரு பை தேயிலையை வீசிவிட்டுப் போனான். அவ்வளவுதான் அவர் செய்தது. விஷயம் வெளியே கசிந்து அவர் சாட்சி ஆனார். 1748 பிப்ரவரியில் வில்லியம் கேலி என்ற வயதான சுங்க ஊழியர் அவரை நீதிபதி ஒருவரிடம் அழைத்துப் போனார். வழி தவறி ரோலண்ட்ஸ் காசில் என்ற இடத்தில் 'ஒயிட் ஹார்ட்' பப்பில் இளைப்பாற இறங்கினார்கள். பப் நடத்திய விதவைக்குச் சந்தேகம் தட்டியது. அவளுடைய மகன்களும் கடத்தலில் இருந்தவர்கள். ஆளனுப்பினாள்.

வந்தவர்கள் இருவருக்கும் ரம் ஊற்றிக் கொடுத்தார்கள். குடித்துக் குடித்து இருவரும் ஒரு கட்டிலில் சாய்ந்து தூங்கிப்போனார்கள். ஜாக்சன் என்பவன் காலில் குதிமுள்ளை மாட்டிக்கொண்டு கட்டில்மேல் ஏறி, குதிரையைக் குத்துவது போல அவர்கள் நெற்றியில் குத்தி எழுப்பினான். பிறகு இருவரையும் ஒரே குதிரையில் ஏற்றி, குதிரையின் வயிற்றுக்கடியில் கால்களைக் கட்டி, மைல்கணக்காகச் சவுக்கால் அடித்துக்கொண்டே போனார்கள். கேலியை ரேக் ஊருக்குப் பக்கத்தில் குழிதோண்டிப் புதைத்தார்கள். சேட்டரைச் சில நாள் சங்கிலியில் கட்டி வைத்திருந்துவிட்டு ஒரு பாழுங்கிணற்றில் தள்ளிக் கல்லைப் போட்டார்கள். கேலியைத் தோண்டி எடுத்தபோது அவர் கைகள் முகத்தை மறைத்தபடி இருந்தன. புதைக்கும்போது உயிர் இருந்திருக்கிறது. கண்ணில் மண் விழாமல் மறைத்திருக்கிறார். 1749 ஜனவரியில் சிசெஸ்டரில் ஏழு பேருக்குத் தூக்குத் தண்டனை விதித்தார்கள். இவ்வளவும் விசாரணைப் பதிவில் இருக்கிறது. நிலவறைச் சுரங்கத்தைக் காட்டும்போது கேலியின் பெயரையும் ஒருமுறை சொல்லலாம் இல்லையா?

போல்ட்டன் நகரத்தில் சர்ச்கேட் தெருவில் 'மேன் அண்ட் சைத்' பப். 2014இல் அதன் கண்காணிப்புக் கேமராவில் சாம்பல் நிற உருவம் ஒன்று பதிவானதாகச் செய்தி வந்து உலகம் முழுக்கச் சுற்றியது. டெர்பி பிரபு ஜேம்ஸ் ஸ்டான்லியின் ஆவிதான் என்றார்கள். உள்நாட்டுப் போரில் அரசர் பக்கம் நின்றவர் அவர். 1651 அக்டோபர் 15 அன்று அந்தப் பப் இருக்கும் தெருவில் தலை வெட்டப்பட்டார். கடைசியாக அவர் உட்கார்ந்ததாகச் சொல்லும் நாற்காலி, தேதி எழுதி, பப்பில் இருக்கிறது.

அவரைக் கொல்ல இந்த ஊரைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. 1644 மே 28 அன்று அரசர் தரப்புத் தளபதி இளவரசர் ரூபர்ட்டின் படை இதே போல்ட்டனுக்குள் புகுந்தபோது ஸ்டான்லியும் கூட வந்தார். சரணடைந்தவர்களையும் விடாமல் வெட்டினார்கள். 1,600 பேர் செத்தார்கள் என்று அப்போது அச்சிட்டார்கள். அது மிகை என்கிறார்கள் வரலாற்றாசிரியர்கள். நாற்காலி இருக்கும் பப்பிலிருந்து வெளியே வந்து அதே தெருவில் நடந்தால் கொஞ்ச தூரத்தில் புனித பீட்டர் தேவாலயம். அந்தப் பங்கின் பதிவேட்டில், அன்று வெட்டப்பட்ட போல்ட்டன்காரர்கள் என்று 78 பேரை ஒருவர் பின் ஒருவராக எழுதி வைத்திருக்கிறார்கள்.